அரை நிமிஷத் தரிப்பில் கிடைத்த பேர்

மட்டக்களப்பிலிருந்து காலை ஏழு மணிக்கு மகியங்கனைக்குப் புறப்படும் பஸ்ஸில், பிறின்ஸின் முகத்தைப் பார்க்கும் முன்பே அவன் குரலைக் கேட்டுவிடலாம். முன்கதவின் மிதிபலகையில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, "ஏறாவூர், செங்கலடி, கரடியனாறு, புல்லுமல..." என்று நல்ல மட்டக்களப்புத் தமிழில் தொடங்குவான். அதே மூச்சில் "மஹஓயா, பதியதலாவ, மஹியங்கனய!" என்று சிங்களத்தில் கொண்டுபோய் முடிப்பான். எந்த ஊரை அந்த ஊர்ச் சனம் எப்படிச் சொல்லுமோ அப்படித்தான் சொல்வான். பதின்மூன்று வருடமாக ஊர்ப் பேர்களைக் கூவியே சோறு தின்கிறவன். அவனைப் பொறுத்தவரை பேரும் ஒரு பயணிதான். ஒருவர் வாயில் ஏறினால் இன்னொருவர் காதில் பத்திரமாக இறங்கவேண்டும்.

அவனுக்கு வாய்த்த பேருக்கு ஒரு கதை உண்டு. தகப்பன் வின்சன்ற் நாவற்குடா வாவிக்கரையில் வீச்சுவலை வீசிப் பிள்ளைகளை வளர்த்தவர். மகன் பிறந்தது சோதனைச் சாவடிகளின் காலம். மனைவி செசீலியா எடுத்து வைத்திருந்த புனிதர்களின் பேர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவர் பிறின்ஸ் என்று பதிந்தார். "பேரைக் கேட்டு ஆள் ஆரெண்டு ஒருத்தனும் கண்டுபிடிக்கக் கூடா" என்பது அவர் போட்ட திட்டம். திட்டம் பிழைத்தது. சாவடியில் அடையாள அட்டையைப் பார்க்கும் சிப்பாய் "பிறின்ஸா? எந்த நாட்டுப் பிறின்ஸ்?" என்று கேட்டு, மற்றவர்களைவிட ஐந்து நிமிடம் கூடுதலாகவே அவனை நிறுத்தி வைப்பான். தகப்பன் போய்ச் சேர்ந்து பல வருடமாகியும் அந்த ஐந்து நிமிடங்களைப் பிறின்ஸ் மறக்கவில்லை.

சந்தமாலி அந்த பஸ்ஸின் சனிக்கிழமைப் பயணி. பதியத்தலாவையில் வயலும், காடு வெட்டிச் சோளச் சேனையும் செய்யும் ஹீன்பண்டாவின் ஒரே மகள். அந்த வீட்டிலிருந்து, ஏன், அந்த ஒழுங்கையிலிருந்தே, முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் அவள்தான். பட்டம் வாங்கிய நாளில் ஹீன்பண்டா தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சப்பாத்துப் போட்டாராம். படித்து முடித்ததும், தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பிக்க மட்டக்களப்பில் நியமனம் கிடைத்தது. சனி காலை ஊருக்குப் போய் ஞாயிறு மாலை திரும்புவாள். சாரதிக்குப் பின்னாலுள்ள இருக்கை. மூன்று வருடம் அந்த இருக்கைக்குக் கொண்டக்டர் பிறின்ஸ் டிக்கட் கொடுத்துக்கொண்டேயிருந்தான். நாலாவது வருடம் கல்யாணம்.

கல்யாணத்துக்கு முன் ஹீன்பண்டா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பையனின் சாதகம். அவர் மகளுக்கு இருபது பொருத்தத்தில் பதினாறு பொருந்திய மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தவர். பிறின்ஸின் வீட்டில் அப்படி ஒன்று எழுதும் வழக்கமேயில்லை. வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு, கோயிலில் வாங்கிய தன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கண்ணாடி உறையில் போட்டுக் கொண்டுபோய் மரியாதையாக நீட்டினான். ஹீன்பண்டா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, பேசியதெல்லாம் சிங்களம்தான்.

"இதில் நாள் இருக்கிறது. நேரம் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு வந்தார். வாசலில் நின்றார். சாப்பிடாமல் போனார். அதன் பிறகு நான்கு வருடம் அவர் பிறின்ஸின் பஸ்ஸில் ஏறவேயில்லை. மகியங்கனைச் சந்தைக்குப் போகும் நாட்களில் பதியத்தலாவச் சந்தியில், நிழல்மரத்தை விட்டுத் தள்ளி, குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். பிறின்ஸ் மிதிபலகையிலிருந்து "மாமா!" என்பான். மாமா என்பது இரண்டு பாஷையிலும் மாமாதான். கேட்கவில்லை என்று சாட்டுச் சொல்லவும் முடியாது. ஆனாலும் ஹீன்பண்டா வானத்தைப் பார்ப்பார். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும். அந்த ஒரு மணித்தியாலத்தையும் நின்றே கழிப்பார்.

"உன்ட மாமனார் வெயிலில காயிற கருவாடு மாதிரி நிக்கிறார்டா" என்பான் சாரதி ஸியாம். காத்தான்குடிக்காரன், வாயில் பூட்டுக் கிடையாது. "நாலு வருசத்தில எத்தின மணித்தியாலம் நிண்டிருப்பார் எண்டு பாரு. அவ்வளவு நேரத்தில மனிசன் கண்டிக்கு நடந்தே போயிருப்பார்."

பிள்ளை பிறந்த நாளிலும் அவர் அங்கேதான் நின்றார்.

சந்தமாலியை முதல்நாளே ஆசுப்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. "இண்டைக்கில்ல, நாளைக்குத்தான்" என்று அங்கே சொன்னதை நம்பிப் பிறின்ஸ் விடியற்காலையில் சுடுதண்ணிப் போத்தலைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டான். புல்லுமலை தாண்டினால் காடு. மகாஓயா வரும்வரை போனுக்கு உயிர் இராது. மகாஓயாவில் உயிர் வந்ததும் போன் துள்ளியது. தங்கச்சி டினுஷா.

"அண்ணா! எத்தின தரம் எடுக்கிற! பொம்புளப் புள்ள! ரெண்டு பேரும் சுகம்!"

பிறின்ஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூவத் தெரிந்தவன் கூவினான். பஸ் முழுக்கக் கை தட்டியது. சந்தோஷத்தில் விரல் தானாகவே டிக்கட் மெசினை அழுத்தியது: ஒரு அரை டிக்கட், மட்டக்களப்பிலிருந்து மகியங்கனைக்கு. பிள்ளையின் முதல் டிக்கட். அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தான். திகதி, கட்டணம், நேரம் 9.02.

பதியத்தலாவச் சந்தியில் பஸ் நிற்கும் முன்பே குதித்தான். "மாமா! பேத்தி பிறந்திருக்கிறாள்!"

வானத்தைப் பார்க்கப்போன ஹீன்பண்டாவின் தலை பாதிவழியில் நின்றது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் வாய் திறந்தார்.

"எத்தனை மணிக்கு?"

பிறின்ஸுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவை இந்த மனிதர் முன்னால் நேரம் இல்லாத காகிதத்தை நீட்டி நின்றது ஞாபகம் வந்தது. இந்த முறையும் கையை விரிப்பதா? கையிலிருந்த டிக்கட்டைப் பார்த்தான். "ஒன்பது இரண்டு, மாமா" என்று சொல்லி, சாட்சிபோல டிக்கட்டையும் கொடுத்துவிட்டான். ஹீன்பண்டா அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். ஸியாம் ஹோன் அடித்தான். பஸ் புறப்பட்டது.

மூன்றாம் நாள் அவர் சந்தியில் நின்றது சந்தைக்குப் போவதற்காக அல்ல. பஸ் வந்ததும் ஜன்னலருகே வந்து ஒரு துண்டை நீட்டினார். மகாஓயாச் சாத்திரியார் நேரத்தைக் கணித்துக் கொடுத்த எழுத்து அதில் இருந்தது: ல. பிள்ளையின் பேர் அந்த எழுத்தில் தொடங்கவேண்டும்.

அன்று நாவற்குடா வீட்டில் சந்தமாலி அந்தத் துண்டை வாங்கிப் பார்த்து, தகப்பனின் கையெழுத்தைத் தடவினாள். "எனக்கு இந்த எழுத்தெல்லாம் பெரிசில்ல பிறின்ஸ்" என்றாள். அவள் தமிழ் பேசினால் நாவற்குடாக்காரி என்றுதான் நினைப்பார்கள். மாமி செசீலியாவிடம் பழகிய தமிழ். "ஆனா அப்பா தானா வந்து தந்திருக்காரே. ல எண்டா ல. வேற எழுத்து நமக்கு வேணாம்."

ஐந்தாம் நாள் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்து, கிளினிக் கார்டை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எடை இரண்டு தசம் ஒன்பது. பிறந்த நேரம், காலை 8.25.

பிறின்ஸ் அந்த வரியை மூன்று தடவை வாசித்தான். பிள்ளை பிறந்த நேரத்தில் பஸ் காட்டுக்குள் இருந்திருக்கிறது. அவன் மாமனாருக்குக் கொடுத்தது பிள்ளை பிறந்த நேரமல்ல, தகப்பனுக்குச் செய்தி கிடைத்த நேரம்.

மறுநாள் ஸியாமிடம் மட்டும் சொன்னான். ஸியாம் பிரேக்கைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"அடப் பாவி! மனிசன் பிறந்த நேரம் கேட்டா, பஸ் டிக்கட்டையாடா குடுப்பாய்?"

"வேற என்ன என்ட கையில இருந்த?"

"சொல்லிப் போட்டு விடு மச்சான்."

"சொன்னா திரும்பவும் வானத்தப் பாப்பார். நாலு வருசம் கழிச்சு இப்பதான் ஜன்னல் வரைக்கும் வந்திருக்கார்."

ஸியாம் கியரைப் போட்டான்.

இப்படியாக, பிழையான நேரத்துக்கு வந்த எழுத்தை வைத்துப் பேர் தேடும் படலம் தொடங்கியது. நாற்பத்திரண்டு நாளுக்குள் பதியவேண்டும். ஹீன்பண்டா ஒவ்வொரு நாள் காலையிலும் சந்திக்கு வருவார். பஸ் அங்கே நிற்பது அரை நிமிஷம். அதற்குள் அவர் ஒரு துண்டு கொடுப்பார். பிறின்ஸ் வீட்டிலிருந்து ஒரு துண்டு கொடுப்பான். முந்தின நாள் பேருக்கு என்ன முடிவு என்று தலையசைப்பில் சொல்லிக்கொள்வார்கள். ஏறமாட்டார். பிள்ளையின் படத்தைப் பிறின்ஸ் போனில் காட்டுவான். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "காது நம் பக்கத்துக் காது" என்று மட்டும் சொல்வார்.

அவர் கொடுத்தவை லக்மாலி, லசந்தி, லஹிருனி. டினுஷா, 'லாரா' என்றாள். செசீலியா புனிதர் படம் போட்ட கோயில் கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்து, லூர்துமேரி என்றார். சாத்திரியார் 'லூ' வேறு எழுத்து என்று திருப்பி அனுப்பினார்.

"மாதாட பேருக்கே எழுத்துச் சரியில்லையாமா?" என்று செசீலியா கோபித்துக்கொண்டார். ஆனால் லஹிருனியை அவர் கூப்பிட்டுப் பார்த்தபோது முதல் தரம் ஒருமாதிரி, இரண்டாம் தரம் வேறுமாதிரி வந்தது. மூன்றாம் தரம் இருமலே வந்துவிட்டது.

"மாமி, கஷ்டப்படாதீங்க" என்று சந்தமாலி சிரித்தாள். "இந்த வீட்டிலயும் யோசிக்காமக் கூப்பிடோணும், அந்த வீட்டிலயும் யோசிக்காமக் கூப்பிடோணும். அப்படி ஒண்டு வாற வரைக்கும் தேடுவம்."

பிறின்ஸ் பேர்களைச் சோதிக்கத் தன் தொழிலையே கையிலெடுத்தான். மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஏழு மணிக் கூட்டத்தைப் பார்த்து மிதிபலகையில் நின்றபடி அந்தப் பேரைக் கூவுவான், தெரிந்த பயணியைக் கூப்பிடுகிற மாதிரி. பத்து மணிக்கு மகியங்கனை நிலையத்திலும் அதையே கூவுவான். லக்மாலிக்கு மகியங்கனையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை திரும்பியது. மட்டக்களப்பில் ஒருவரும் அசையவில்லை. லாராவுக்கு இரண்டு இடத்திலும் யாரும் திரும்பவில்லை, மட்டக்களப்பில் கடலை விற்கிறவர் மட்டும், "தம்பி, ஆரையடா தேடுற, வெள்ளக்காரியையா?" என்று கேட்டார்.

அதைக் கேட்டபோது பிறின்ஸின் மனதில் ஏதோ தைத்தது. இரண்டு பக்கமும் திரும்பாத பேர் தன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. தகப்பன் அவனுக்குக் கொடுத்தது ஒளித்து வைக்கிற பேர். மகளுக்கு அது வேண்டாம். இரண்டு பக்கமும் "இது நம்ம புள்ள" என்று திரும்பிப் பார்க்கிற பேர் வேண்டும்.

அதைக் கொண்டுவந்தவர் ஹமீட் நானா. ஏறாவூரிலிருந்து கிழமைக்கு ஒருநாள் சாறமும் துணியும் மூட்டை கட்டிக்கொண்டு மகியங்கனைச் சந்தைக்கு வருகிறவர். முப்பத்தைந்து வருடப் பழக்கம். முன்னிருக்கையில் மூட்டைக்கு ஒரு இடம், தனக்கு ஒரு இடம் என்று உட்கார்ந்துகொண்டு துண்டுகளையெல்லாம் வாங்கி வாசிப்பார். அன்று வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன பேருடா இதெல்லாம்? முந்தி இந்தக் கரைச்சலே இல்ல. செங்கலடியிலயும் கமலா, மகாஓயாவிலயும் கமலா. அங்கயும் மல்லிகா, இஞ்சயும் மல்லிகா. பேரச் சொல்லித் துணி எடுத்து வைக்கச் சொல்லுவாங்க. எந்தப் பக்கத்து மல்லிகா எண்டு நான்தான் மண்டைய உடைக்கிற. இப்பதான் ரெண்டு பக்கமும் ஆருக்கும் இல்லாத பேரத் தேடி வைக்கிறீங்க."

"'ல'வில சொல்லுங்க நானா."

"'ல'விலயா? லலிதா. செங்கலடியில லலிதா டீச்சர். பதியத்தலாவயில லலிதா, தையல்காரி. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே நாக்கு. எந்தத் துணியக் காட்டினாலும் ரெண்டு பேரும் சாயம் போகும் எண்டுதான் சொல்லுவாங்க."

பிறின்ஸ் அன்றே மகியங்கனையில் கூவினான். "லலிதா!" இரண்டு பெண்கள் திரும்பினார்கள். மறுநாள் மட்டக்களப்பில் கூவினான். மீன் வாளியோடு போன ஒரு அம்மா நின்று, "ஆருடா நீ, என்னப் பேர் சொல்லிக் கூப்பிடுற?" என்று கிட்டவே வந்துவிட்டார். அடி விழாத குறை. பிறின்ஸுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

"ஐயோ, அது எங்கட சயன்ஸ் டீச்சர்ட பேர்" என்று சந்தமாலி சிரித்தாள். "புள்ள பிறக்கக்குள்ளயே ஐம்பது வயசாயிருமே!" சிரித்துக்கொண்டே பிள்ளையைப் பார்த்து ஒருதரம் கூப்பிட்டாள். பிறகு இன்னொரு தரம். மூன்றாம் தரம் சிரிக்கவில்லை. செசீலியா குசினிக்குள்ளிருந்து, "லலிதாக்குப் பசிக்குதாம் மகள், தூக்குங்க" என்றார். யோசிக்காமலே சொன்னார். அதோடு முடிந்தது.

சந்தியில் ஹீன்பண்டா துண்டை வாசித்தார். பஸ் நகரத் தொடங்கியது. அவர் ஜன்னலோடு நான்கு அடி நடந்தார். "நல்லது" என்றார். "மிக நல்லது."

அது முப்பத்துமூன்றாம் நாள். பிறின்ஸ் நிம்மதியாகத் தூங்கியது நான்கு நாள்தான்.

முப்பத்தேழாம் நாள் காலை, துண்டு எதுவும் இல்லாமல் ஹீன்பண்டா ஜன்னலருகே வந்தார். முகத்தில் என்றும் காணாத ஒரு மலர்ச்சி.

"இன்றைக்குப் பின்னேரம் மகாஓயாவுக்குப் போகிறேன். பிள்ளையின் முழுச் சாதகத்தையும் எழுதக் கொடுக்கப் போகிறேன். படிப்பு, உத்தியோகம், கல்யாணம், எல்லாம் அதைப் பார்த்துத்தான். சாத்திரியார் நேரத்தை இன்னொரு தரம் கேட்டார்." சட்டைப்பையைத் தட்டினார். "இது இருக்கிறதே."

பஸ் நகர்ந்தது. பிறின்ஸ் யாருக்கும் டிக்கட் கொடுக்காமல் நின்றான்.

அவனுக்குச் சாதகத்தில் நம்பிக்கையில்லை. ஆனால் பஸ் போகாத ஊருக்கு அவன் ஒருநாளும் டிக்கட் அடித்ததில்லை. கூப்பிடுகிற பேர் வேறு. அதைக் கூப்பிட்டுப் பார்த்துப் பிடித்துத்தான் எடுத்தார்கள். சாதகம் அப்படியா? இருபத்தைந்து வருடம் கழித்து யாரோ ஒரு பையனை மகளுக்குப் பார்த்து, இந்த டிக்கட்டை வைத்துப் பொருந்தும், பொருந்தாது என்று இந்த மனிதர் முடிவு சொல்வார். அவர் உயிராக நம்புகிற ஒன்றில் அவருக்கே கள்ள டிக்கட் கொடுப்பதா?

மகியங்கனையில் நின்று சந்தமாலிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னான்.

"முப்பத்திரண்டு நாளா தெரிஞ்சும் என்னட்டயும் சொல்லல்ல."

"பயமா இருந்திச்சு சந்தா."

"எனக்கும்தான் பயம்" என்றாள். "அப்பா இப்ப ஒவ்வொரு நாளும் கதைக்கிறார். பால் குடிச்சியா, தலைக்கு எண்ணெய் வச்சியா எண்டு கேக்கிறார். அது போனா..." முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, "நீங்கதான் சொல்லோணும். நான் சொன்னா அது வேற" என்றாள்.

ஒன்றே முக்காலுக்குத் திரும்பும் பஸ் பதியத்தலாவச் சந்திக்கு வந்தது. ஹீன்பண்டா வெள்ளைச் சட்டையும் சாறமுமாய், எதிர்ப்பக்கத்துத் தரிப்பில் குடையோடு நின்றார். மகாஓயாவுக்குப் போகவேண்டியவர். வழக்கம்போல அடுத்த பஸ்ஸுக்காகத்தான் நின்றார்.

பிறின்ஸ் இறங்கி அவர் முன்னால் போய் நின்றான். "மாமா, ஒரு விஷயம் சொல்லவேண்டும்."

"சொல்."

"அரை நிமிஷத்தில் சொல்ல முடியாது. ஏறுங்கள்."

ஹீன்பண்டா வானத்தைப் பார்த்தார். பிறகு பஸ்ஸைப் பார்த்தார். முப்பது தலைகள் ஜன்னலுக்கு வெளியே இருந்தன. ஹமீட் நானா மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். குடை மடங்கியது. நான்கு வருடமும் அவர் தொடாத மிதிபலகையில் ஹீன்பண்டா கால் வைத்தார்.

பிறின்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னான். காடு, சிக்னல், மெசின், அரை டிக்கட், கிளினிக் கார்ட், எட்டு இருபத்தைந்து. எதையும் மறைக்கவில்லை. பஸ்ஸில் சிங்களம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

ஹீன்பண்டா சட்டைப்பையின் பொத்தானைக் கழற்றி டிக்கட்டை எடுத்தார். மடிப்பில் மை அழிந்து போயிருந்தது.

"நான்கு வருடத்தில் நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று" என்றார். "எத்தனை மணி என்று."

"தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, மாமா. போன தடவையும் என்னிடம் நேரம் இருக்கவில்லை."

ஹீன்பண்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹமீட் நானா பேசாமல் வந்த பயணம் முப்பத்தைந்து வருடத்தில் அது ஒன்றுதான் என்று ஸியாம் பிறகு சொல்வான்.

மகாஓயாவில் தேநீருக்குப் பத்து நிமிடம். ஹீன்பண்டா இறங்கி, பின்னால் திரும்பாமல் கடைத்தெருவைத் தாண்டிச் சாத்திரியாரின் ஒழுங்கைக்குள் போய் மறைந்தார். பத்து நிமிடமானது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். பிறின்ஸ் மிதிபலகையில் நின்று அந்த ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். புறப்படச் சொல்லவேண்டியவன் அவன்தான்.

ஸியாம் இறங்கினான். "இஞ்சின் சூடாயிரிச்சு. தண்ணி ஊத்தோணும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, ஒரு போத்தல் தண்ணீரை நூல் மாதிரி ஊற்றத் தொடங்கினான். மட்டக்களப்பில் ரயில் பிடிக்கவேண்டிய ஒருவர் பின்னிருக்கையிலிருந்து, "கோச்சிய விட்டிருவன் தம்பி!" என்று சத்தம் போட்டார். ஹமீட் நானா திரும்பினார். "கோச்சி ஒவ்வொரு நாளும் போகும், மாமன் ஒவ்வொரு நாளும் ஏறமாட்டார். இரி வாப்பா."

குடை முதலில் தெரிந்தது. பிறகு வெள்ளைச் சட்டை. ஹீன்பண்டா அவசரமில்லாமல் வந்தார். பதியத்தலாவைக்குப் போகும் பஸ் எதிரே நின்றது. அதைத் தாண்டி வந்து இதில் ஏறி, அதே இடத்தில் உட்கார்ந்தார். கையில் ஒரு புதிய துண்டு.

"எழுத்து மாறிவிட்டது" என்றார். "சோ."

ஸியாம் போத்தலை மூடிக்கொண்டு ஓடிவந்து பஸ்ஸை எடுத்தான். காடு தொடங்கியது.

அந்த வழியில் சில நாட்களில் டிக்கட் பரிசோதகர்கள் ஏறுவார்கள். டிக்கட் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருக்க முடியாது, மாமனாரானாலும். அவர் சாத்திரியாரிடம் வந்த வேலை முடிந்துவிட்டது. புல்லுமலையில் இறங்கி அங்கிருந்து திரும்பி ஊருக்குப் போகப்போகிறாரோ என்னவோ. பிறின்ஸ் பதின்மூன்று வருடத்தில் லட்சம் தடவை கேட்ட கேள்விதான். ஆனால் இந்த முறை மெசினை எடுக்காமலே கேட்டான்.

"மாமா, எங்கே இறங்குகிறீர்கள்?"

ஹீன்பண்டா துண்டைப் பார்த்தார். பழைய டிக்கட்டைப் பார்த்தார். இரண்டையும் ஒன்றாக மடித்துப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

"லலிதாவின் வீட்டடியில்" என்றார்.

ஸியாம் அடித்த ஹோன் சத்தத்துக்குக் காட்டிலிருந்த மயில்களெல்லாம் கத்தின.

மாலை நாவற்குடா வீட்டில் செசீலியா புட்டும் வாவி இறால் குழம்பும் வைத்தார். ஹீன்பண்டா இந்த முறை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளை அவர் கையில் வெறும் தூக்கம்தான். தாத்தாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தமாலி தகப்பனின் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். "காது நம் பக்கத்துக் காதுதான்" என்று அவர் மறுபடியும் உறுதி செய்தார். பிறகு தன் முடிவைச் சொன்னார்: சாதகம் சரியான நேரத்துக்குத்தான் எழுதப்படும். ஆனால் வாய்க்கு வந்துவிட்ட பேரை எடுக்க முடியாது. அந்தப் பேரை அவர் ஒவ்வொரு நாளும் விளக்கேற்றிச் சொல்லியிருக்கிறார். 'சோ' இரண்டாம் பேராக வரட்டும்.

சந்தமாலி மொழிபெயர்த்து முடிக்கவில்லை, செசீலியா கலண்டரோடு வந்துவிட்டார். "சோபியா! புனித சோபியா! நான் கேட்டது கடைசியில கிடைச்சிச்சு பாத்தியா மகள்."

நாற்பதாம் நாள் பதிவாளரின் மேசையில் லலிதா சோபியா என்று எழுதப்பட்டது. தமிழில் பிறின்ஸ் சரிபார்த்தான். சிங்களத்தில் ஹீன்பண்டா, கண்ணாடியை இரவல் வாங்கி, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். வெளியே வந்து படியிறங்கும்போது மருமகனின் தோளில் கை வைத்தார்.

"இனி யாராவது நேரம் கேட்டு, உனக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல். அது வெட்கமில்லை."

இப்போது மகியங்கனைச் சந்தை நாட்களில் ஹீன்பண்டா ஏழு மணி பஸ்ஸில்தான் போகிறார். பதியத்தலாவச் சந்தியில் ஏறியதும், கையில் மணிக்கூடு கட்டியிருந்தாலும், முழு பஸ்ஸுக்கும் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்பார்:

"கொண்டக்டர், நேரம் என்ன?"

"தெரியாது மாமா!" என்று மிதிபலகையிலிருந்து பதில் வரும். பதியத்தலாவைக்காரர்கள் சிங்களத்திலும், ஏறாவூர்க்காரர்கள் தமிழிலும் சிரிப்பார்கள்.